தகட்டுக் கால்

ராஜபாளையம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் மாரிக்கனி முதலில் பார்த்தது தன்னுடைய தலையைத்தான். டீக்கடைக்கு மேலே, இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டிய பிளெக்ஸில், ஆள் உயரத்துக்கு அவள் தலை சிரித்துக்கொண்டிருந்தது. தலைக்குக் கீழே இருந்த உடம்பு அவளுடையது இல்லை. மஞ்சள் சேலை கட்டி, இடுப்பில் வேப்பிலை செருகி, கை கூப்பி நின்ற எவளோ ஒருத்தியின் உடம்பு அது. அவள் காலடியில் நெருப்பு எரிந்தது. நெருப்புக்குள் ஒரு கால்பந்து கிடந்தது.

'தெற்காசிய மகளிர் கிளப் கோப்பைக்குச் செல்லும் எங்கள் குலக்கொழுந்தே! பூக்குழி இறங்கும் வீராங்கனையே! மாரிக்கனியே! வாழ்க!' என்று எழுதியிருந்தது. சுற்றிலும் மீசைகள். சாதிச் சங்கத்துத் தலைவரின் மீசை, செயலாளரின் மீசை, இளைஞர் அணி என்று போட்டு இன்னும் சரியாக முளைக்காத மீசைகள். வலது ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அவளுடைய சித்தப்பா வல்லரசு.

அந்தத் தலை எந்தப் படத்திலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் லீக் ஜெயித்த அன்று எடுத்தது. ஜெர்சியும் அரைக்கால் டவுசருமாக, முழங்காலெல்லாம் சேறாக, கையில் கோப்பையோடு நின்ற படம். கழுத்தோடு வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆட்டுக்கிடாயை வெட்டுகிறவன்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டமாட்டான்.

பூக்குழியா? நானா? எப்போது? யாரைக் கேட்டு? தோளில் கிடந்த பையை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் அங்கேயே நின்றாள். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பிளெக்ஸைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்துவிட்டு அவள் காலைப் பார்த்தார்கள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

செட்டியார்பட்டிக்கு டவுன் பஸ் ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா முத்துராமலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் மெத்துச் செருப்போடுதான் நடப்பார். எதிரில் சித்தப்பா வல்லரசு கால்மேல் கால் போட்டிருந்தார்.

"வா தாயி, வா. பிளெக்ஸு பாத்தியா?" என்றார் அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக.

"பாத்தேன். அந்த உடம்பு யாரோடது?"

சித்தப்பா சிரித்தார். "அது கம்ப்யூட்டர்ல கெடந்துச்சு. நல்லா ஒட்டிருச்சுல்லா?"

"நான் பூக்குழி இறங்குறதா யார் சொன்னது?"

அப்பா குரலைத் தணித்துக்கொண்டார். "உனக்காகத்தான் தாயி. போன வருசம் முட்டி கிழிஞ்சு நீ கெடந்தேல்லா, அப்ப நான் ஆத்தாகிட்டப் போயி நின்னு அழுதேன். எம்மக எந்திரிச்சு மறுபடியும் அந்தக் கோப்பைக்குப் போனா பூக்குழி எறங்குவான்னு வேண்டிக்கிட்டேன். எந்திரிச்சிட்ட. கோப்பைக்கும் போகப்போற. நாளைக்குத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பூக்குழி. சொல்லி வச்ச மாரி வந்துட்ட."

சொல்லி வைத்த மாதிரி அவள் வரவில்லை. காட்மாண்டு போவதற்குமுன் ஒரு நாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அந்தக் கோப்பை என்னவென்று இந்த வீட்டில் யாருக்காவது தெரியுமா? இந்தியா, நேபாளம், வங்கதேசம், பூட்டான், இலங்கை என்று பக்கத்து நாடுகளில் லீக் ஜெயித்த மகளிர் கிளப்புகள் ஒன்றோடொன்று மோதும் கோப்பை. மாரிக்கனி ஆடும் சென்னைக் கிளப் போன வருஷம் அரையிறுதி வரைக்கும் வந்தது. எதிரே காட்மாண்டுக் கிளப், அவர்களுடைய சொந்த மைதானம், சுற்றிலும் அவர்களுடைய கூட்டம். இடதுபக்கக் கோட்டை ஒட்டிப் பந்தைத் தள்ளிக்கொண்டு மாரிக்கனி ஓடினால் பிடிக்க ஆளில்லாமல் இருந்தது. அவள் அடித்த ஒரு கோலில் கிளப் முன்னால் நின்றது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவர்களுடைய தடுப்பாட்டக்காரி பிமலா குறுக்கே விழுந்தாள். பந்து ஒரு பக்கம் போனது, முழங்கால் ஒரு பக்கம் போனது. கிளப் இறுதிப் போட்டிக்குப் போய்த் தோற்றதை மாரிக்கனி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் பார்த்தாள்.

மறுநாள் அந்தப் பிமலா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் ஆரஞ்சுப் பழம். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்திதான். பிமலா கட்டுப்போட்ட காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தொடலாமா?" என்று கேட்டாள். மாரிக்கனி தலையாட்டிய பிறகுதான் தொட்டாள். தொட்டதும் அழுதாள். இந்த வருஷமும் அதே ஊரில்தான் கோப்பை. 'வா, உனக்காகக் காத்திருக்கிறேன். இந்தத் தடவை பந்தை மட்டும் எடுக்கிறேன்' என்று பிமலா செய்தி அனுப்பியிருந்தாள். விட்ட இடத்திலிருந்து அந்தக் கோட்டோரமாக மறுபடி ஓடவேண்டும் என்பதைத் தவிர மாரிக்கனிக்கு இந்த ஒரு வருஷத்தில் வேறு நினைப்பே இருந்ததில்லை.

"எந்திரிச்சது நான்ப்பா" என்றாள். "கால்ல மணல் மூட்டையக் கட்டித் தூக்கினது நான். படி ஏறத் தெரியாத பிள்ளை மாதிரி கம்பியப் பிடிச்சு ஏறினது நான். வலியில தலகாணியக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தது நான். இறங்கணுமா வேண்டாமான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ஏட்டி, ஆத்தாள எதுத்துப் பேசாத."

"ஆத்தாளை நான் ஒண்ணும் சொல்லலை. அவ குங்குமம் வைக்காம நான் கிரவுண்டுல இறங்குனதில்ல. நான் உங்களத்தான் சொல்றேன்."

வல்லரசு செருமினார். "நெருப்பு என்ன செய்யப்போகுது? பச்சப்பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுப் பொம்பளையளு எறங்குதாங்க. நீ நாட்டுக்கே ஓடுற பிள்ள. நாலு எட்டு வைக்க மாட்டியா?"

"நாலு எட்டுத்தான சித்தப்பா, நீங்க வைங்களேன்."

"எனக்குச் சங்கத்து மோர்ப் பந்தல் வேல தலைக்கு மேல கெடக்கு. மைக்கு யாரு பிடிப்பா?"

அவள் கிளப்பின் பிசியோவான ஜாஸ்மினுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து கத்தல் வந்தது. உள்ளங்காலில் ஒரு கொப்புளம் வந்தாலும் காட்மாண்டுக்கு உன் பேர் போகாது, அந்தப் பூட்ஸுக்குள்ள காலை எப்படி விடுவ, ஒரு வருஷம் நான் உன் காலோட மாரடிச்சது இதுக்கா என்று ஜாஸ்மின் பொரிந்து தள்ளினாள். மாரிக்கனி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா பாத்துக்குவா" என்றார் அப்பா. "நம்பிக்கையா எறங்குனா சுடாது."

அப்போதுதான் அம்மா வெள்ளத்தாய் அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டியோடு வந்தாள். அம்மா அதிகம் பேசமாட்டாள். பேசினால் எதிரில் இருப்பவர் அதிகம் பேசமுடியாது.

"வேண்டுனது யாரு வாயி? வேகப்போறது யாரு காலு? வேண்டுன ஆளு எறங்குங்க. நம்பிக்கதான் அம்புட்டு இருக்குல்லா."

அப்பா சட்டென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "வெளங்காமப் பேசாத. எனக்குச் சுகரு. கால்ல ஒரு கீறல் விழுந்தாலும் ஆறாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல."

சொன்னவருக்கே தான் சொன்னது காதில் விழுந்துவிட்டது போலிருந்தது.

"ஆமா, சொன்னாரு" என்றாள் அம்மா. "பெருவெரல்ல புண்ணு வந்து, வெரல எடுக்கணும்னு சொன்னப்ப நீங்க எந்தப் பூக்குழி எறங்குனீக? கோயில் வாசல்ல தகட்டுக் கால் ஒண்ணு வாங்கி உண்டியல்ல போட்டுட்டு வந்தீக. வெரல் நின்னுச்சா இல்லையா? அம்புட்டுத்தான ஆத்தா கேட்டா?"

கோயில் வாசலில் அந்தத் தகடுகளை விற்பார்கள். கண் வலிக்குக் கண், கை நோவுக்குக் கை, கால் நோவுக்குக் கால் என்று மெல்லிய தகட்டில் அச்சடித்திருக்கும். நோய் கண்ட இடத்தின் உருவத்தை வாங்கி உண்டியலில் போட்டால் வேண்டுதல் தீர்ந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் தீர்க்கிறார்கள். மாரிக்கனியும் சின்ன வயதில் காதுவலிக்கு ஒரு காது போட்டிருக்கிறாள்.

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "உங்க காலுக்குத் தகடு. என் காலுக்குத் தணலாப்பா?"

அப்பா எழுந்து, செருப்பை இழுத்துக்கொண்டு வெளியே போனார். சித்தப்பா பின்னாலேயே ஓடினார். சங்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அவருக்கு. அன்று முழுக்க அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாரிக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தவள், பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் மதியம் கிளம்பினாள். அப்பாவைக் காணவில்லை. அம்மா மட்டும் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள்.

"விடியக்காலம் மொத பஸ்ஸுல போயிட்டு வந்துட்டேன்" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்தபடி. "ரெண்டு தகட்டுக் கால் வாங்கி உம்பேரச் சொல்லி உண்டியல்ல போட்டுட்டேன். ஆத்தாளுக்கும் உனக்கும் ஒண்ணும் பாக்கி இல்ல. நீ எதையும் நெனைக்காமப் போயி ஆடு."

"அப்பா?"

"அவுகளுக்கும் ஊருக்கும் உள்ளது அது. உனக்கு எதுக்கு?"

ராஜபாளையத்தில் மதுரை பஸ் பிடித்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பிளெக்ஸைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்ததும் பஸ் நின்றுவிட்டது. ரோடு முழுக்க மஞ்சள். மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி, ஈரத் தலை, வேப்பிலை. வரிசை வரிசையாகக் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். பார்க்க மாரிக்கனிக்குப் பிடித்தமான கூட்டம்தான் அது. தானாக விரும்பி வந்த முகங்கள். அவர்கள் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை.

ரோட்டோரம் சங்கத்து நீர்மோர்ப் பந்தல். அதன் உச்சியில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் வல்லரசு சித்தப்பாவின் குரல்.

"நமது இனத்தின் பெருமை, வீராங்கனை மாரிக்கனி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரவும். மாரிக்கனி அவர்கள் எங்கிருந்தாலும்..."

எங்கிருந்தாலும் என்றால்? பஸ்ஸில் இருக்கிறேன். காது கிழிய என் பேரைக் கத்துகிற உங்களுக்குப் பத்தடி தூரத்தில் இருக்கிறேன். வரமாட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா அவ?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண், மடியில் பூக்கூடையோடு. "எம்புட்டு நேரமாக் கூப்பிடுதாக. திமிரு பிடிச்சவளா இருப்பா போலிருக்கே."

"ஆமாக்கா" என்றாள் மாரிக்கனி. "திமிரு பிடிச்சவதான்."

ஒலிபெருக்கி ஒரு நிமிடம் ஓய்ந்தது. யாரோ யாரிடமோ ஏதோ கேட்கும் சத்தம். பிறகு சித்தப்பாவின் குரல் புதுத் தெம்போடு கிளம்பியது. "அன்பார்ந்த பெரியோர்களே! வீராங்கனை மாரிக்கனியின் சார்பாக அவருடைய தகப்பனார், முன்னாள் ராணுவ வீரர் முத்துராமலிங்கம் அவர்கள் பூக்குழி இறங்குகிறார்!"

மாரிக்கனி எழுந்து நின்றுவிட்டாள். கிழவனுக்குப் பைத்தியமா? அந்த விரலை வைத்துக்கொண்டா? ஆறாது என்று அவரே சொன்னாரே. வீம்பு. வெறும் வீம்பு. இறங்கி, வெந்து, புண்ணாகி, அந்தக் காலை எடுத்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? மகள் செய்ய வேண்டியதை அப்பன் செய்து காலை இழந்தான் என்று சொல்லும். அவள் எத்தனை கோல் போட்டாலும் அதைத்தான் சொல்லும். அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைக் கொடுத்ததற்காக அவர் மேல் இன்னும் கோபம் வந்தது.

"அக்கா, இந்தப் பையைச் செத்தப் பாத்துக்கோங்க."

இறங்கி ஓடினாள். இடதுபக்கம் சந்து கிடைத்தால் இடதுபக்கம், வலதுபக்கம் கிடைத்தால் வலதுபக்கம். ஆட்களை உரசாமல் கூட்டத்துக்குள் புகுந்து போவது அவளுக்குப் புதிது இல்லை. பந்தலுக்கு அந்தப் பக்கம், வரிசையில் அப்பா நின்றார். மஞ்சள் வேட்டி, வெறும் உடம்பு. செருப்பு இல்லாத அந்தக் கால் சூடான தாரில் ஒரு நொடியும் நிலையாக நிற்கவில்லை. மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். பெருவிரல் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. தார்ச்சூட்டையே தாங்காத கால்.

"வெளிய வாங்க" என்றாள்.

"நீதான மாட்டேன்ட்ட. நான் எறங்குதேன். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா."

"அம்மா காலையிலேயே தகட்டுக் கால் போட்டாச்சு. வேண்டுதல் முடிஞ்சுது. வாங்க."

"அது ஆத்தாளுக்குத் தாயி." அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். குரல் உள்ளே போனது. "ஊருக்கு எதப் போடுறது? நீ டவுசரோட ஓடுறதப் போன்ல பாத்துட்டு எவன் எவன் என்ன பேசுதான்னு உனக்குத் தெரியுமா? காலக் காட்டிப் பிழைக்கான்னு என் காதுபடவே சொன்னான் ஒருத்தன். எம்மக பூக்குழி எறங்கிட்டா ஒரு பய வாயத் தொறக்க முடியாதுல்லா. அதுக்குத்தான் அப்படி வேண்டுனேன். முட்டிக்குன்னா நானும் தகடுதான் போட்டிருப்பேன்."

அப்போதுதான் மாரிக்கனிக்கு எல்லாம் விளங்கியது. கழுத்தோடு வெட்டிய தலை. யாருடையதோ மஞ்சள் சேலை. அவள் காலைக் குணமாக்கியதற்கு நன்றி சொல்ல இல்லை இந்த நெருப்பு. அந்தக் காலைக் கழுவ. எவனோ ஒருவனின் அழுக்கு வாய்க்கு அவள் காலைக் கழுவ வேண்டுமாம். நேற்றிலிருந்து சேர்த்து வைத்த கோபமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

கத்தவில்லை. குனிந்தாள். டிராக் பேண்டின் இடதுகாலை மடித்து மடித்து முழங்காலுக்கு மேலே ஏற்றினாள். முட்டியின் நடுவே, மேலிருந்து கீழாக, தையல் போட்ட தழும்பு பளபளவென்று இருந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பந்தலில் மோர் குடித்தவர்கள் பார்த்தார்கள். அப்பா பதறிப்போய், "ஏட்டி, என்ன செய்யுத" என்று அவள் கையைப் பிடித்தார்.

"பாருங்கப்பா. நீங்க இன்னும் பாக்கவே இல்லல்லா இத?"

பார்த்ததில்லை. ஆபரேஷன் சென்னையில் நடந்தது. வீட்டுக்கு வந்தபோதெல்லாம் கால்வரை மூடிய நைட்டி. பார்க்காத காலை வைத்துத்தான் அவர் வேண்டிக்கொண்டார்.

"காட்மாண்டுல ஒருத்தி இந்தக் காலத் தொடலாமான்னு கேட்டுட்டுத் தொட்டா. இத ஒடச்சவ அவ. அவளே கேட்டா. நீங்க கேக்கல." குரல் உடைந்தது. விடவில்லை. "நீங்க இறங்கணும்னா இறங்குங்க. உங்க பேரச் சொல்லி இறங்குங்க. என் பேரச் சொல்லி இறங்காதீங்க. எனக்கு என் கால் வேணும்ப்பா. உங்க காலும் வேணும். பேசுறவன் வாய்தான் எனக்கு வேண்டாம். அது வெந்தா வேகட்டும்."

திரும்பி நடந்தாள். பேண்டை இறக்கிவிடவில்லை. பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று ரோட்டின் நடுவிலேயே நடந்தாள். பஸ் மெல்ல நகரத் தொடங்கியிருந்தது. ஓடித் தாவி ஏறினாள். இடது காலைத்தான் முதலில் வைத்தாள். முட்டி ஒரு வார்த்தைகூட முனகவில்லை.

பூக்கூடைக்காரி பையைக் கொடுத்தாள். அவள் முகத்தையும் முட்டியையும் பார்த்துவிட்டு, "நீதானா அது?" என்றாள். மாரிக்கனி தலையாட்டினாள். மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. விழவிடக்கூடாது என்று ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் சித்தப்பா விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "முன்னாள் ராணுவ வீரர் முத்துராமலிங்கம் அவர்கள் இதோ..." குரல் பாதியில் நின்றது. மைக்கை யாரோ பிடுங்கும் சத்தம் கரகரவென்று ஊரெல்லாம் கேட்டது. பிறகு ஒரு குரல். பட்டாளத்தில் அணிவகுப்பை நிறுத்திய அதே குரல்.

"மாரிக்கனி வரமாட்டா. அவளுக்கு மேட்ச் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டது. "நானும் எறங்கல. எனக்குச் சுகர் இருக்கு. ஏலே வல்லரசு, மொதல்ல பஸ் ஸ்டாண்டுல இருக்கிற அந்தப் பிளெக்ஸக் கழட்டு. எம்மகளுக்குக் கழுத்துக்குக் கீழயும் உடம்பு இருக்கு."

பஸ் கூட்டத்தைத் தாண்டி வேகம் எடுத்தது. மாரிக்கனியின் கோபம் தீரவில்லை. அவ்வளவு சீக்கிரம் தீருகிற கோபம் இல்லை அது. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அந்தக் குரல் கேட்காமல் போகும்வரை கேட்டுக்கொண்டே போனாள்.